பேட்டரிப் பெட்டிக்கு நம்பர் போடுவது யார் வேலை?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேட்டரி ஸ்டோரேஜ் சிஸ்டத்தில் ஒவ்வொரு மாட்யூலுக்கும் ஆள் கையால் நம்பர் வைக்கிற பழக்கத்தை ஒழித்தாக வேண்டும் என்பது என் கட்சி. "இதெல்லாம் ஒரு பிரச்சினையா? நாலு டிப் சுவிட்சைத் தள்ளினால் வேலை முடிந்தது" என்று வகுப்பில் பாதிப்பேர் சொல்கிறார்கள். அந்தப் பாதிப்பேருக்காகத்தான் இந்தப் பதிவு :-)

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஒரு ரேக்கில் பத்துப் பதினைந்து மாட்யூல்களை அடுக்கியிருப்பார்கள். எல்லாம் அச்சில் வார்த்ததுபோல ஒரே மாதிரி இருக்கும். ஒவ்வொன்றும் தன் செல்களின் வோல்டேஜையும் வெப்பநிலையையும் ஒரே பொதுக் கம்பி வழியாக மாஸ்டருக்குச் சொல்கிறது. பேசுவது யார் என்று தெரிய ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர் வேண்டும். நாலு சுவிட்ச் இருந்தால் 16 நம்பர். அதை வைப்பவர் இருட்டு அறையில், ஒரு கையில் டார்ச்சோடு, பைனரியில் யோசிக்க வேண்டும். ஒரு கம்பெனிக்கு மேலே தள்ளினால் 1, இன்னொன்றுக்குக் கீழே தள்ளினால் 1. ஒருவர் இடமிருந்து எண்ணுவார், இன்னொருவர் வலமிருந்து. இதில் தப்பு வராவிட்டால்தான் ஆச்சரியம்.

"தப்பு வந்தால் உடனே தெரிந்துவிடுமே" என்பது அடுத்த வாதம். தெரிந்தால் பரவாயில்லை, ஆனால் எப்போதும் தெரியாது. கேன் பஸ்ஸில் இரண்டு மாட்யூல்கள் ஒரே அடையாள எண்ணோடு ஒரே நொடியில் பேச ஆரம்பித்தால், யார் முதலில் என்று பஸ்ஸால் தீர்க்க முடியாது. தகவலில் முதல் வித்தியாசமான பிட் வரும்போது பிழை, மறுபடி முயற்சி, மறுபடி பிழை. ஒவ்வொரு பிழைக்கும் எண்ணியில் 8 ஏறும். 255-ஐத் தாண்டினால் அந்த மாட்யூல் பஸ்ஸை விட்டே விலகிவிடும். இது நல்ல சேதி! சத்தம் போட்டுச் செத்தால் யாராவது வந்து பார்ப்பார்கள்.

இரண்டும் மாறி மாறிப் பேசினால்தான் ஆபத்து. மாஸ்டர் கண்ணுக்கு 5-ஆம் நம்பர் என்று ஒரே ஒரு மாட்யூல்தான் இருக்கிறது. ஒருமுறை 28 டிகிரி, அடுத்த முறை 51 டிகிரி. சென்சார் இரைச்சல் என்று நினைத்து ஃபில்டர் போட்டு சராசரி எடுக்கிற மென்பொருள் 39.5 என்று காட்டும். சூடாகிக்கொண்டிருக்கிற பெட்டி ஒரு சராசரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. இதற்குப் பிறகும் இதைச் சின்ன விஷயம் என்பீர்களா?

நம்பர் சரியாக இருந்தால் என்ன லாபம் என்பதற்கு ஒரு உதாரணம். 2019 ஏப்ரல் 19 அன்று அமெரிக்காவின் அரிசோனாவில், சர்ப்ரைஸ் என்ற ஊரில் இருந்த மெக்மிக்கன் பேட்டரி நிலையம் வெடித்து நான்கு தீயணைப்பு வீரர்கள் கடுமையாகக் காயமடைந்தார்கள். 2020-ல் வந்த டிஎன்வி ஜிஎல் அறிக்கை, கோளாறு ஆரம்பித்த இடத்தை ரேக் 15, மாட்யூல் 2, செல் ஜோடி 7 என்று குறிப்பிட்டது. அந்த விபத்துக்கும் நம்பர் குழப்பத்துக்கும் சம்பந்தமில்லை. நான் கேட்பது வேறு. திரையில் 2 என்று வருவதும் ரேக்கில் இரண்டாவதாக இருப்பதும் ஒரே பெட்டியாக இல்லாவிட்டால், அந்த வரிக்கு என்ன மதிப்பு? நாளைக்குப் பழுது பார்க்க வருபவர் நல்ல பெட்டியைக் கழற்றிவிட்டுக் கெட்டதை உள்ளேயே விட்டுப் போவார்.

சரி, மாற்று வழி என்ன? பெரிய மாயமந்திரம் எதுவும் இல்லை. ஒவ்வொரு மாட்யூலுக்கும் ஒரு 'உள்ளே' கம்பி, ஒரு 'வெளியே' கம்பி. மின்சாரம் வந்ததும் யாருக்கும் நம்பர் கிடையாது. மாஸ்டர் முதல் பெட்டியின் 'உள்ளே' கம்பியை உயர்த்தி, "நீ 1" என்கிறது. அது தன் சீரியல் நம்பரைச் சொல்லிவிட்டுத் தன் 'வெளியே' கம்பியை உயர்த்துகிறது. அடுத்தது 2. பதில் வராத இடத்தில் வரிசை முடிந்தது. வீட்டு சோலாருக்கு வந்த பைலான்டெக் யுஎஸ்2000-லேயே இந்தச் சிந்தனை உண்டு: லிங்க் போர்ட் 0 காலியாக இருக்கிற பெட்டிதான் மாஸ்டர். சுவிட்சைத் தொடவே வேண்டாம், கேபிளின் வரிசையே நம்பரைச் சொல்லிவிடும்.

இங்கே 'ஆட்டோமேட்டிக்' கட்சிக்காரர்களுக்கும் ஒரு குட்டு வைக்க வேண்டியிருக்கிறது. தானாக வந்தால் மட்டும் போதாது. லாரி, டிராக்டர்களில் ஓடும் ஜே1939 முறையில் இருவர் ஒரே முகவரியைக் கேட்டால், 64 பிட் பெயர் சின்னதாக இருப்பவருக்குத்தான் அது கிடைக்கும். தோற்றவர் வேறு முகவரி தேடலாம். மோதல் தீர்ந்தது, ஆனால் பெட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அந்த முகவரி சொல்லாது. எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் அது ஒத்துவரும், ஏனென்றால் எது எஞ்சின் என்று பார்த்தாலே தெரியும். ஒரே அச்சில் வார்த்த பதினாறு பெட்டிகளுக்கு ஒத்துவராது. ஆகவே நம்பர் இடத்துக்கு, சீரியல் நம்பர் பெட்டிக்கு. இரண்டையும் சேர்த்துப் பதிய வேண்டும். 5-ஆம் இடத்தில் புதுப் பெட்டி வந்தால் நம்பர் 5-தான், ஆனால் பழைய பெட்டியின் சரித்திரம் புதியதன் தலையில் விழக்கூடாது.

"சங்கிலியில் ஒரு கம்பி அறுந்தால் அதற்குக் கீழே எல்லாம் போச்சே?" நியாயமான கேள்வி. அதற்குத்தான் சங்கிலியை வளையமாக மூடுவது. டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் பிக்யூ79616 போன்ற சிப்புகளில் ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கத்திலிருந்து பேச முடியும்.

"கூடுதல் செலவு?" ஒரு கம்பி, கனெக்டரில் இரண்டு பின். சுவிட்சைத் தூக்கிவிடுவதில் கொஞ்சம் திரும்பி வரும்.

கடைசியாக ஒரு கோரிக்கை. எண்ணி வந்த மாட்யூல்களின் எண்ணிக்கை, இருக்க வேண்டிய எண்ணிக்கையோடு ஒத்துப்போகாவிட்டால் கான்டாக்டர் மூடக்கூடாது. 16 இருக்க வேண்டிய இடத்தில் 15 பதில் வந்தால், அந்தப் பதினாறாவது கிடைக்கும்வரை சிஸ்டம் ஓடக்கூடாது. டிப் சுவிட்ச் கட்சிக்காரர்கள் தாராளமாகச் சண்டைக்கு வரலாம். வருமுன் ஒரே ஒரு வேலை செய்துவிட்டு வாருங்கள்: பதினாறு பெட்டிகளுக்கு இருட்டில், டார்ச் வெளிச்சத்தில் நம்பர் வைத்துப் பாருங்கள். பிறகு பேசலாம்.