சிண்டிகேட்டில் மாணவர் குரல்



திண்டுக்கல் மாவட்டக் கல்லூரிகள் பல இணைந்துள்ள மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பேரவையான செனட்டுக்குத் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஆசிரியர்களுக்கு உண்டு. கட்டணமும் தேர்வு விதிகளும் யாரை நேரடியாகப் பாதிக்கின்றனவோ, அந்த மாணவர்களுக்கும் அந்த உரிமை வேண்டும். 1989-ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 61-வது திருத்தம் வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18 ஆகக் குறைத்தது. சட்டமன்றத்தையே தேர்ந்தெடுக்கத் தகுதி பெற்றவர், தான் படிக்கும் பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்தைத் தேர்வு செய்ய மட்டும் தகுதியற்றவர் ஆவது எப்படி?

மாணவர்களுக்கு அனுபவம் போதாது என்பார்கள். ஆனால் கேரளப் பல்கலைக்கழகச் சட்டம், 1974 மாணவர் பிரதிநிதிகளுக்குச் செனட்டில் இடம் தருகிறது. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் நிர்வாகக் குழுவுக்குத் தலைமை ஏற்கும் ரெக்டரை மாணவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். கட்சி அரசியல் நுழையும் என்ற அச்சம் நியாயமானதே. அதைக் கட்டுப்படுத்தத்தான் மாணவர் தேர்தல்களுக்கு லிங்டோ குழு பரிந்துரைத்த விதிகளை 2006-ல் உச்ச நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொன்னது. வினாத்தாள், மதிப்பெண் போன்ற ரகசியப் பொருள்கள் விவாதத்துக்கு வரும்போது மாணவ உறுப்பினர் விலகியிருக்கலாம். அதற்காக உரிமையையே மறுக்கத் தேவையில்லை. செனட்டிலும், நிர்வாகக் குழுவான சிண்டிகேட்டிலும் மாணவர்கள் வாக்களித்து அனுப்பும் உறுப்பினர்களுக்கு இடமளித்து, பல்கலைக்கழகச் சட்டத்தைச் சட்டமன்றம் திருத்த வேண்டும்.

– வாசகர், திண்டுக்கல்