ஒரு வீட்டுக்கு நாலு செடி: சேர்ந்திருந்து எண்ணுங்கள்

ஸ்காபரோ, மார்க்கம், அஜாக்ஸ், பிரம்டன் பகுதிகளில் வாழும் எம் உறவுகளுக்கு,

மே மாதக் கடைசியில் விக்ரோறியா தின விடுமுறை முடிந்ததும் எங்கள் வீட்டு வளவுகளில் மண் கிண்டத் தொடங்கிவிடுவோம். கத்தரி, மிளகாய், தக்காளிக் கன்றுகள் வெளியே வரும். சில வீடுகளில் கஞ்சாக் கன்றும் வரும். எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான், ஆனால் கோயில் மண்டபத்திலோ பிறந்தநாள் விருந்திலோ யாரும் வாய் திறப்பதில்லை.

இதை எழுதும் எங்களில் குடிவரவு வழக்குகள் பார்ப்பவர்கள் உண்டு, தாதிகள் உண்டு, பேஸ்மன்ட் வாடகைக்கு விடுபவர்கள் உண்டு, பதின்ம வயதுப் பிள்ளைகளின் பெற்றோரும் உண்டு. கஞ்சா நல்லதா கெட்டதா என்று கேட்டால் எங்களுக்குள்ளேயே சண்டை வரும். ஆகவே அந்தப் பேச்சை இங்கே எடுக்கவில்லை. செடிக் கணக்குத் தவறி ஒருவர் இந்த நாட்டில் வாழும் உரிமையையே இழந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறோம்.

2018 ஒக்டோபர் 17 இல் நடைமுறைக்கு வந்த கனடாவின் கஞ்சாச் சட்டம், வயது வந்தவர்கள் தங்கள் சொந்தத் தேவைக்கு வீட்டில் நாலு செடி வரை வளர்க்க இடம் தருகிறது. ஒன்ராறியோவில் அந்த வயது 19. இந்த நாலு, வீட்டின் கணக்கு. ஆளுக்கு நாலு என்று எடுத்துக்கொள்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே கூரையின் கீழ் வயது வந்தவர்கள் ஆறு பேர் இருந்தாலும் மொத்தம் நாலுதான். பின்வளவில் நிற்பதும் அதற்குள்தான் அடங்கும்.

எங்கள் வீடுகளை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். மேலே அம்மா, அப்பா, கல்லூரிக்குப் போகும் மகன். கீழே பேஸ்மன்டில் வாடகைக்கு ஒரு தம்பி. மகன் அலுமாரிக்குள் விளக்குப் போட்டு நாலு வைத்திருக்கிறான், அப்பாவுக்குத் தெரியாது. தம்பி வேலிக்கரையில் மூன்று நட்டிருக்கிறார், அவருக்கு மகனின் அலுமாரி தெரியாது. இருவரும் தாங்கள் சட்டத்துக்குள் நிற்பதாக நம்புகிறார்கள். தனிக் கதவு இருப்பதால் பேஸ்மன்ட் தனி வீடு என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். அதைச் சட்டத்தரணி ஒருவரிடம் கேளுங்கள். கேட்கும்வரை முழு வீட்டுக்கும் நாலு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த எண்ணிக்கையின் கதையும் தெரிந்திருப்பது நல்லது. முன்னாள் துணைப் பிரதமர் ஆன் மக்லெலன் தலைமையிலான குழு 2016 இல் தந்த அறிக்கை, வீட்டுக்கு நாலு செடி, ஒவ்வொன்றும் 100 சென்ரிமீற்றருக்கு மேல் உயரக் கூடாது என்று பரிந்துரைத்தது. வளர்ந்துகொண்டிருக்கும் செடியை அடிமட்டம் பிடித்து அளப்பது யார் என்ற கேள்வி எழுந்தது, நாடாளுமன்றக் குழு உயர வரம்பை நீக்கிவிட்டது. நல்ல வேலைதான். ஆனால் அதற்குப் பிறகு மிஞ்சியது எண்ணிக்கை மட்டுமே. சாண் உயரக் கன்றும் ஒன்று, கூரையைத் தொடும் செடியும் ஒன்று.

பலர் சறுக்குவதும் இங்கேதான். சாதாரண விதையில் ஏறக்குறையப் பாதி ஆண் செடியாக வரும், அதில் பயனில்லை. கொஞ்சம் குளிரில் சாகும், கொஞ்சம் அணில் தின்னும். தோட்டம் தெரிந்தவர் என்ன செய்வார்? எட்டு, பத்து விதை போட்டு, முளைத்ததில் நல்லதை வைத்துக்கொள்வார். கத்தரிக்கு அது கெட்டித்தனம். கஞ்சாவில் அந்தப் பத்தும் முளைத்து நிற்கும் வாரங்களில் நீங்கள் குற்றம் செய்தவர். ஒன்ராறியோ அங்கீகரித்த கடைகளில் பெண் செடி மட்டும் தரும் விதை கிடைக்கிறது, விதையோ கன்றோ அங்கே வாங்குவதுதான் சட்டமும். நாலு போடுங்கள். ஒன்று செத்தால் அதன் பிறகு இன்னொன்று போடுங்கள்.

கூடினால் என்ன ஆகும்? ஐந்து அல்லது ஆறு செடி என்றால் பொலிஸார் 200 டொலர் அபராதச் சீட்டோடு விடலாம், விட்டே ஆக வேண்டும் என்றில்லை. அதற்கு மேல் போனால் சீட்டுக்கு வழியில்லை. இந்தக் குற்றத்துக்கு ஆகக்கூடிய தண்டனை 14 ஆண்டு சிறை. பத்துச் செடிக்கு எந்த நீதிபதி 14 ஆண்டு கொடுப்பார் என்று சிரிப்பீர்கள். யாரும் கொடுக்கப் போவதில்லை. குடியுரிமை உள்ளவர் சிரித்துவிட்டுப் போகலாம். நிரந்தர வதிவாளர் சிரிக்க முடியாது.

ஏனென்றால் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 36 ஆம் பிரிவு, நீதிபதி உண்மையில் என்ன தண்டனை தந்தார் என்பதோடு நிற்பதில்லை. அந்தக் குற்றத்துக்கு ஆகக்கூடியதாக எவ்வளவு கொடுக்கலாம் என்று பார்க்கிறது. அது 10 ஆண்டோ அதற்கு மேலோ என்றால், குற்றவாளி எனத் தீர்க்கப்பட்ட நிரந்தர வதிவாளர் பாரதூரமான குற்றம் செய்தவராகக் கணிக்கப்பட்டு நாடுகடத்தலுக்கு ஆளாகலாம். வெறும் அபராதத்தோடு, சிறு வழக்காக முடிந்திருந்தாலும் அதுதான் நிலை.

2017 இல் கனடா உச்ச நீதிமன்றத்துக்கு இப்படி ஒரு வழக்கு வந்தது. வியட்நாமிலிருந்து வந்த நிரந்தர வதிவாளர் ஒருவர் பெரிய கஞ்சா வளர்ப்பு ஒன்றில் சிக்கியிருந்தார். அவர் குற்றம் செய்த காலத்தில் ஆகக்கூடிய தண்டனை 7 ஆண்டு. தண்டனை விதிக்கப்படும் முன் சட்டம் அதை 14 ஆக்கிவிட்டது. குற்றம் நடந்தபோது இருந்த அளவையே பார்க்க வேண்டும் என்று நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. எங்களுக்கு அந்த வழி கிடையாது. இன்று செடி நடுபவருக்குத் தொடக்கத்திலிருந்தே 14 தான்.

எம்மவரில் இருபது வருடமாக வரி கட்டி, வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிப்பித்து, இன்னும் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். பரீட்சைக்குப் பயம், ஆங்கிலத்துக்குப் பயம், அல்லது வெறும் சோம்பல். 55 வயதானவர்களுக்குப் பரீட்சையும் இல்லை, மொழிச் சான்றும் கேட்பதில்லை. கஞ்சாவோடு உங்களுக்கு எந்தச் சம்பந்தமும் இல்லாவிட்டாலும் அந்தப் படிவத்தை நிரப்புங்கள்.

மொன்றியலில் இருக்கும் உறவுகளுக்கு ஒரு சொல். ரொறன்ரோ மச்சான் வளர்க்கிறார் என்று நீங்கள் வளர்க்கக் கூடாது. கியூபெக் மாகாணம் வீட்டில் ஒரு செடியைக்கூட அனுமதிப்பதில்லை. மாகாணத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. அபராதம் 250 டொலரிலிருந்து 750 டொலர் வரை. மருத்துவர் பரிந்துரையோடு கனடாச் சுகாதாரத் திணைக்களத்தில் பதிவு செய்து வளர்ப்பவர்களின் கணக்கு வேறு. அந்தப் பதிவுப் பத்திரத்தை வீட்டிலேயே கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.

வாடகைக்கு விடுபவர்களே, வேண்டாமென்றால் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வாயால் சொன்னது பிறகு நிற்காது. வாடகைக்கு இருப்பவர்களும் கொண்டோவில் இருப்பவர்களும் சட்டம் நாலு தருகிறது என்று வாதாடுவதற்கு முன் உங்கள் ஒப்பந்தத்தையும் கட்டட விதிகளையும் வாசியுங்கள். அவை தடுத்தால் நாலும் இல்லை. உள்ளே விளக்குப் போட்டு வளர்த்தால் ஈரப்பதன் ஏறிச் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும், வீட்டுக் காப்புறுதிக்காரருக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பியூட்டேன் போன்ற எரிவாயு கொண்டு வீட்டில் எண்ணெய் பிரிக்கும் வேலை வேண்டவே வேண்டாம். அது சட்டவிரோதம், வீடும் எரியும். சின்னப் பிள்ளைகள் ஓடித்திரியும் வீட்டில் காய வைத்தது பூட்டுக்குள் இருக்கட்டும். பூத்த செடியைச் சாடியோடு காரில் ஏற்றி நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோவதும் குற்றம். எல்லை தாண்டி அமெரிக்காவுக்கோ, ஊருக்குப் போகும் பெட்டிக்குள்ளோ ஒரு விதையும் போகக் கூடாது.

ஆக, நாங்கள் கேட்பது இதுதான். இந்த வாரமே வீட்டில் இருக்கும் எல்லோரும், பேஸ்மன்டில் இருப்பவரையும் சேர்த்து, ஒரு பத்து நிமிடம் இருந்து பேசுங்கள். யாரிடம் எத்தனை நிற்கிறது என்று எண்ணுங்கள். கூடுதலாக இருப்பதை அன்றைக்கே பிடுங்கிவிடுங்கள். பெற்றோரே, மகன் உண்மை சொன்னால் அந்தப் பத்து நிமிடமாவது கத்தாமல் கேளுங்கள், கத்துவதற்குப் பிறகும் நேரம் இருக்கிறது. வீட்டில் குடியுரிமை இல்லாத ஒருவர் இருந்தால் செடி அவர் கையில் இருக்க வேண்டாம்.

ஏற்கெனவே வழக்கு வந்துவிட்டவர்களே, குற்றத்தை ஒப்புக்கொண்டால் இன்றைக்கே முடிந்துவிடும் என்று யார் சொன்னாலும் உடனே தலையாட்டாதீர்கள். முதலில் குடிவரவுச் சட்டம் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் பேசுங்கள். காசில்லை என்றால் ஒன்ராறியோ சட்ட உதவி அமைப்பை அழையுங்கள், தமிழில் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
கிழக்கு ரொறன்ரோவில் வாழும் அயலவர்கள் சிலர்