‘நான் அங்கே இல்லை’ என்றால் விசாரித்தாக வேண்டும்

2012-ல் தலைநகர் டெல்லி இரண்டு இளம்பெண்களைக் கொடூரமாகப் பறிகொடுத்தது. பிப்ரவரி 9 இரவு, வேலை முடிந்து வீடு திரும்பிய 19 வயதுப் பெண் சாவ்லா பகுதியில் காரில் கடத்தப்பட்டார். சில நாட்களில் ஹரியானாவின் ரேவாரி மாவட்டத்தில் ஒரு வயலில் அவரது உடல் கிடைத்தது. டிசம்பர் 16 இரவு முனிர்காவில் பேருந்து ஏறிய, நிர்பயா என்று அழைக்கப்பட்ட 23 வயது மாணவிக்கு நேர்ந்ததை நாடே அறியும். இரு வழக்குகளிலும் விசாரணை நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது. டெல்லி உயர் நீதிமன்றம் இரண்டையும் உறுதிசெய்தது. ஆனால் உச்ச நீதிமன்றத்தில் முடிவுகள் வேறாயின. நிர்பயா வழக்கின் தண்டனை 2017 மே 5 அன்று உறுதியானது. சாவ்லா வழக்கில் தண்டிக்கப்பட்ட மூவரும் 2022 நவம்பர் 7 அன்று விடுவிக்கப்பட்டார்கள்.

நாட்டை உலுக்கும் கொலை வழக்குகளில், ‘அன்று நான் அங்கே இல்லை’ என்று குற்றம்சாட்டப்பட்டவர் சொன்னாலே கொதித்துப்போகிறோம். அதற்கு வழக்கறிஞர் ஒருவர் வாதாடினால் அவரையும் சேர்த்துத் தூற்றுகிறோம். இந்தக் கோபம் இயல்பானது. ஆனால் அந்த மறுப்பை விசாரிக்காமல் விடுவதால் இழப்பு நேர்வது பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கே. இந்த இரு வழக்குகளும் அதைத்தான் உணர்த்துகின்றன.

நிர்பயா வழக்கில் குற்றவாளிகள் இந்த வாதத்தைத் தாராளமாகவே வைத்தார்கள். வினய், பவன் இருவரும் அன்று மாலை பூங்கா ஒன்றில் நடந்த இசை நிகழ்ச்சியில் இருந்ததாகச் சொன்னார்கள். அக்‌ஷய் முந்தைய நாளே பிஹாருக்குக் கிளம்பிவிட்டதாகச் சொன்னார். அவர்கள் தரப்புச் சாட்சிகள் கூண்டில் ஏறினார்கள். குறுக்கு விசாரணை நடந்தது. உச்ச நீதிமன்றம் ராஜு ராமச்சந்திரன், சஞ்சய் ஹெக்டே ஆகிய மூத்த வழக்கறிஞர்களை நீதிமன்றத்துக்கு உதவ நியமித்தது. எதிர்த்தரப்பில் காவல் துறை சேர்த்துவைத்திருந்த ஆதாரங்கள் வலுவாக இருந்தன: மாணவியின் மரண வாக்குமூலங்கள், உடனிருந்த நண்பரின் சாட்சியம், டி.என்.ஏ. முடிவுகள், பல் தடங்களின் ஒப்பீடு. மஹிபால்பூர் விடுதி ஒன்றின் சிசிடிவி பதிவில் அந்த வெள்ளைப் பேருந்து இருமுறை கடந்து சென்றது. பக்கவாட்டில் ‘யாதவ்’ என்ற எழுத்து, ஒரு சக்கரத்தில் மூடி இல்லை. காவலர்கள் அதைப் பிடித்துக்கொண்டுதான் பேருந்தைக் கண்டுபிடித்தார்கள். இத்தனைக்கும் முன்னால் பூங்காவும் பிஹாரும் எடுபடவில்லை.

இந்த வாதம் காலம் கடத்தவும் பயன்படும் என்பதை மறுக்க முடியாது. அதே வழக்கில், விசாரணையின்போது பேருந்தை ஓட்டியதை ஒப்புக்கொண்ட மற்றொரு குற்றவாளி முகேஷ், 2020 மார்ச்சில் தூக்குக்கு நாள் குறித்த பிறகு, சம்பவத்தன்று டெல்லியிலேயே இல்லை என்று மனு போட்டார். மார்ச் 17 அன்று விசாரணை நீதிமன்றமும் மறுநாள் உயர் நீதிமன்றமும் அதைத் தள்ளுபடி செய்தன. மார்ச் 20 அதிகாலை திகார் சிறையில் தண்டனை நிறைவேறியது. பொய்யான மறுப்பை நிராகரிக்க இரண்டு நாட்கள் போதுமாக இருந்தது. முறையான ஆதாரம் கையில் இருக்கும் வழக்குக்குப் பொய்யைக் கேட்பதில் என்ன அச்சம்?

சாவ்லா வழக்கில் இல்லாதது ஆதாரங்களின் இந்த உறுதிதான். குற்றம்சாட்டப்பட்டவர்களை அடையாள அணிவகுப்பில் நிறுத்தவில்லை. நீதிமன்றத்திலும் சாட்சிகள் அவர்களை அடையாளம் காட்டவில்லை. பிப்ரவரி 14, 16 தேதிகளில் எடுத்த மாதிரிகள் 27ஆம் தேதிதான் தடயவியல் ஆய்வகத்துக்குப் போயின. அதுவரை காவல் நிலையப் பொருள் காப்பறையில் கிடந்தன. இடையில் யாரும் கைவைக்கவில்லை என்பதற்கு உத்தரவாதம் இல்லை என்றது உச்ச நீதிமன்றம். விசாரிக்கப்பட்ட 49 சாட்சிகளில் முக்கியமான 10 பேரிடம் குறுக்கு விசாரணையே நடக்கவில்லை என்பதையும் சுட்டிக்காட்டியது. 2014-ல் விசாரணை நீதிமன்றத்தில் கேட்டிருக்க வேண்டிய கேள்விகளை 2022-ல் உச்ச நீதிமன்றம் கேட்டது. பத்தாண்டுகள் நீதிமன்றப் படியேறிய பெற்றோர் வெறுங்கையோடு திரும்பினார்கள். மறுசீராய்வு மனுக்களும் 2023-ல் தள்ளுபடியாயின. அந்தப் பெண்ணைக் கொன்றவர்கள் யார் என்ற கேள்விக்கு இன்றுவரை சட்டப்படி விடை இல்லை.

தமிழ்நாட்டிலும் இதே காயம் உண்டு. 2017-ல் முகலிவாக்கத்தில் சிறுமி கொல்லப்பட்ட வழக்கில் தூக்குத் தண்டனை பெற்றவரை 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. சிசிடிவி பதிவு முறைப்படி நிரூபிக்கப்படவில்லை; அவருக்கு வழக்கறிஞர் நியமிக்கப்பட்டதும் சாட்சி விசாரணை தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்புதான். அவசர அவசரமாக வாங்கிய தீர்ப்பு அந்தக் குடும்பத்தின் கையில் தங்கவில்லை. 2016-ல் நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் சுவாதி கொல்லப்பட்ட வழக்கில், கைதான இளைஞர் புழல் சிறையில் இறந்துபோனதால் நீதிமன்ற விசாரணையே நடக்காமல் போனது.

‘இவனுக்கு வாதாட மாட்டோம்’ என்று வழக்கறிஞர் சங்கங்கள் போடும் தீர்மானம் இந்த அவசரத்தின் மோசமான வடிவம். 2017 செப்டம்பரில் டெல்லியை அடுத்த குருகிராம் பள்ளியில் சிறுவன் கொல்லப்பட்டபோது, பேருந்து நடத்துநர் ஒருவரைப் பிடித்துக் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டதாக ஹரியானா காவல் துறை அறிவித்தது. உள்ளூர் வழக்கறிஞர்கள் அவருக்காக வாதாட மறுத்தார்கள். இரண்டே மாதங்களில் அவருக்கு எதிராக ஆதாரமில்லை என்று சிபிஐ கண்டது. 2018 பிப்ரவரியில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்த வழக்கு அப்படியே நடந்து முடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இத்தகைய தீர்மானங்கள் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்புக்குக் காரணமானது கோவை வழக்கறிஞர் சங்கத்தின் தீர்மானம்தான்.

2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமம், தன் 9ஆம் பிரிவில் இந்த வாதத்துக்குத் தரும் எடுத்துக்காட்டு எளிமையானது: சென்னையில் குற்றம் நடந்த நாளில் குற்றம்சாட்டப்பட்டவர் லடாக்கில் இருந்தார் என்றால், அந்த உண்மை வழக்குக்குத் தொடர்புடையது. லடாக்கில் இருந்ததை நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. ஆனால் குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு முதலிலும் முடிவிலும் அரசுத் தரப்புடையதே. அவர் சொன்னது நிற்கவில்லை என்பதாலேயே அரசுத் தரப்பின் ஓட்டைகள் அடைபட்டுவிடாது.

நடைமுறையில் ஒரு பெரிய குறை இருக்கிறது. ஆதாரங்கள் குறித்துக் குற்றம்சாட்டப்பட்டவரின் விளக்கத்தை நீதிமன்றம் முறையாகக் கேட்பது, அரசுத் தரப்புச் சாட்சிகள் எல்லாம் முடிந்த பிறகு. அதற்குள் ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. கடை வாசலில் இருக்கும் சிசிடிவி பதிவோ சில வாரங்களில் அழிந்துவிடும். 2003-ல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸில் கொலை வழக்கில் கைதான ஒருவர், அன்று மகளுடன் பேஸ்பால் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். யாரும் நம்பவில்லை. அதே மைதானத்தில் அன்று தொலைக்காட்சித் தொடர் ஒன்றின் படப்பிடிப்பு நடந்ததை அவரது வழக்கறிஞர் தேடிக் கண்டுபிடித்தார். ஒளிபரப்பாகாத காட்சிகளில் அவர் இருக்கையில் தெரிந்தார். செல்பேசிக் கோபுரப் பதிவும் ஒத்துப்போனது. சில மாதச் சிறைவாசத்துக்குப் பிறகு அவர் விடுதலையானார். தேடிப் பிடிக்கும் வழக்கறிஞர் வாய்க்காத ஏழைக்கு நம் ஊரில் யார் இருக்கிறார்கள்?

எனவே சில மாற்றங்களை உடனே வலியுறுத்துகிறோம். கைதானவர் தன் வழக்கறிஞரின் ஆலோசனையோடு, தாமாக முன்வந்து, வேறிடத்தில் இருந்ததாகச் சொன்னால், காவல் துறை அதைக் குறித்த காலத்துக்குள் சரிபார்க்க வேண்டும்; முடிவு எதுவானாலும் குற்றப்பத்திரிகையில் இடம்பெற வேண்டும். அவர் சொன்ன இடத்தின் சிசிடிவி, செல்பேசிப் பதிவுகளைப் பாதுகாக்க நீதித்துறை நடுவர் முதல் ரிமாண்டின்போதே உத்தரவிட வேண்டும். இங்கிலாந்தில் இவ்வாதத்தை வைப்பவர், விசாரணைக்கு முன்பே சாட்சிகளின் விவரத்தைத் தந்தாக வேண்டும். அத்தகைய விதி இங்கும் வந்தால், கடைசி நேரத்தில் ஜோடிக்கும் கதைகளுக்கும் கதவு அடைபடும். ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம். அதற்கு வேண்டிய ஆய்வகங்களும் ஆட்களும் மாநிலங்களிடம் இருக்க வேண்டும். சட்ட உதவி வழக்கறிஞர் முதல் நாளிலிருந்தே உடனிருக்க வேண்டும். ‘குற்றவாளி ஒப்புக்கொண்டார்’ என்ற காவல் துறைப் பேட்டிகள் நிற்க வேண்டும். அவற்றைத் தலைப்புச் செய்தியாக்கும் ஊடகங்களும் திருந்த வேண்டும். இதை நம்மையும் சேர்த்தே சொல்கிறோம்.

கொல்லப்பட்டவருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன், உண்மையான குற்றவாளியைத் தப்ப முடியாதபடி நிறுத்துவது. அதற்கு, கைதானவர் சொல்லும் மறுப்பை முதல் வாரத்திலேயே கேட்டு, தேடி, சோதித்து, உடைக்க வேண்டும். உடைக்க முடியாமல் போனால், காவல் துறை பிடித்திருப்பது தவறான ஆளை. உண்மையான கொலையாளி வெளியே இருக்கிறார். இரண்டில் எதுவானாலும் அந்தக் குடும்பத்துக்கு அது முதல் வாரத்திலேயே தெரிந்தாக வேண்டும். பத்தாண்டுக் காத்திருப்புக்குப் பிறகு தெரியவருவது நீதி ஆகாது.