கப்பலேறிய மொழி

வயிறு பிழைக்கக் கப்பலேறியவர்களை நாம் அறிவோம். கூலிக்குப் போனவர், வாணிபத்துக்குப் போனவர், பட்டாளத்துக்குப் போனவர் என்று, உலகில் எந்தத் துறைமுகத்தைக் கேட்டாலும் இந்தக் கதையைத்தான் சொல்லும். ஆனால், தாய்மொழி பிழைக்கட்டும் என்று கப்பலேறியவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டதுண்டா, தோழர்களே?

உண்டு, அப்படியும் ஒரு கூட்டம்! 1865ஆம் ஆண்டு மே 28ஆம் நாள், இங்கிலாந்து நாட்டு லிவர்பூல் துறைமுகத்திலிருந்து 'மிமோசா' என்ற கப்பல் கிளம்பிற்று. சீனத்துத் தேயிலை சுமந்து ஓய்ந்த கப்பல். அதில் ஏறியவர்கள் ஏறத்தாழ 150 பேர். சீமான்கள் அல்லர். நிலக்கரி வெட்டியவர்கள், கல் உடைத்தவர்கள், தச்சர்கள், தையற்காரர்கள்; கையில் குழந்தையும் வயிற்றில் குழந்தையுமாகப் பெண்கள். ஏர் பிடிக்கத் தெரிந்தவர்கள் அதிலே ஒரு சிலர்தான். அனைவரும் வேல்ஸ் நாட்டவர். போகுமிடமோ தென்னமெரிக்காவின் தென்கோடி, பத்தகோனியா. ஆங்கிலேயனும் அமெரிக்கனும் தேடிப் போகாத பொட்டல்!

அதே லிவர்பூலில் நியூயார்க்குக்கும் கப்பல் நின்றது. அங்கே சுரங்கம் உண்டு, இரும்பாலை உண்டு, நல்ல கூலியும் உண்டு. அதை விட்டுவிட்டு இவர்கள் ஏன் பொட்டலுக்குப் போனார்கள்?

காரணத்தைச் சொல்ல வேண்டுமானால், அவர்களின் பெயரிலிருந்தே தொடங்க வேண்டும். 'வெல்ஷ்' என்பது அவர்கள் தமக்கு வைத்துக்கொண்ட பெயரன்று; ஆங்கிலேயன் வைத்தது. பழைய ஆங்கிலத்தில் அதற்கு 'அந்நியன்' என்று பொருள்! வந்தேறியவன், மண்ணின் மகனைப் பார்த்து அந்நியன் என்றான். அந்தப் பெயரே நிலைத்தும் விட்டது. அவர்கள் தம்மை 'கம்ரி' என்று அழைத்துக்கொள்கிறார்கள். ஒரே நாட்டு மக்கள், உறவினர் என்பது அதன் பொருள்.

1536இல் எட்டாம் ஹென்றி மன்னன் காலத்துச் சட்டம், வேல்ஸின் நீதிமன்றங்களில் ஆங்கிலமே மொழி என்று விதித்தது. தன் மீது என்ன குற்றம் சாட்டப்படுகிறது என்பதே விளங்காமல் கூண்டில் நின்றான் வெல்ஷ் குடியானவன். 1847இல் லண்டன் சர்க்கார் அனுப்பிய மூன்று கமிஷனர்கள் வேல்ஸின் கல்வி நிலைமை பற்றி அறிக்கை தந்தார்கள். மூவருக்கும் வெல்ஷ் மொழி தெரியாது! தெரியாத மூவரும் சேர்ந்து, அம்மக்களின் பிற்போக்குக்கு அம்மொழியே காரணம் என்று தீர்ப்பெழுதினார்கள். நீல அட்டை போட்டு வந்த அந்த அறிக்கையை 'நீலப் புத்தகத் துரோகம்' என்றே வெல்ஷ் மக்கள் இன்றளவும் சொல்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தில் நடந்தது அதைவிடக் கொடுமை. தாய்மொழியில் ஒரு வார்த்தை பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரக்கட்டையைக் கட்டித் தொங்கவிடுவார்கள். அடுத்து எந்தப் பிள்ளை வெல்ஷ் பேசுகிறதோ, அதன் கழுத்துக்குக் கட்டை மாறும். மாலையில் பள்ளி விடும்போது கட்டை யார் கழுத்தில் இருக்கிறதோ, அந்தப் பிள்ளைக்குப் பிரம்படி. நண்பன் எப்போது வாய் தவறுவான் என்று நண்பனையே காத்திருக்கச் செய்யும் ஏற்பாடு! இதை எண்ணி எண்ணி வகுத்தவனின் மூளையை என்னென்பது?

இந்த நிலையில்தான் வந்தார் மைக்கேல் டி. ஜோன்ஸ். வேல்ஸின் வடபகுதியில் பாலா என்ற சிற்றூரில் சமயக் கல்லூரித் தலைவராக இருந்தவர். இளமையில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்துக்குப் போயிருந்தார். அங்கே குடியேறிய வெல்ஷ் மக்கள் வயிறார உண்பதைக் கண்டு மகிழ்ந்தார். அவர்களின் பிள்ளைகளிடம் பேச்சுக் கொடுத்தபோதோ, பிள்ளைகள் ஆங்கிலத்தில் பதில் சொன்னார்கள்.

அமெரிக்கா சென்ற வெல்ஷ் மக்களுக்குத் தாய்நாட்டுப் பற்று இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஜோசப் பாரி என்ற தொழிலாளியின் கதை ஒன்றே போதும். மெர்தர் டிட்வில் என்ற இரும்பூரில் பிறந்தவன். ஒன்பது வயதிலேயே சுரங்கத்தில் இறக்கப்பட்டவன். 1854இல் குடும்பத்தோடு பென்சில்வேனியாவின் டான்வில் நகருக்குப் போனான். அங்கும் இரும்பாலை வேலைதான். உலைச் சூட்டில் நின்றவன் பாட்டு எழுதினான், இசை அமைத்தான். கடலுக்கு இப்பாலும் அப்பாலும் இருந்த வெல்ஷ் மக்கள் காசு திரட்டி அவனை லண்டன் இசைக் கழகத்துக்குப் படிக்க அனுப்பினார்கள். 1874இல் அபெரிஸ்ட்வித் பல்கலைக் கல்லூரியின் முதல் இசைப் பேராசிரியராக வேல்ஸுக்குத் திரும்பினார் அந்த ஆலைத் தொழிலாளி! உழைக்கும் மக்களின் உண்டியல் காசு ஒரு பேராசிரியரை ஆக்கிற்று என்றால், அந்தப் பற்றைக் குறைவாக மதிப்பிடலாமா?

ஆனாலும், அந்தப் பற்று மூன்றாம் தலைமுறைக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. 1851இல் நியூயார்க்கில் 'கண்ணாடி' என்ற பொருள்படும் பெயரோடு ஒரு வெல்ஷ் ஏடு தொடங்கிற்று. பல பத்தாண்டுகள் நடந்தது. இருபதாம் நூற்றாண்டில் அதுவும் ஆங்கில ஏடாக மாறிற்று. ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை, வாசகன் மாறிவிட்டான். பத்திரிகை நடத்துகிற நமக்கு அந்த வேதனை புரிகிறது.

பாட்டு மட்டும் மொழியைக் காக்காது, பண்டிகை மட்டும் காக்காது, பள்ளியும் சந்தையும் சபையும் அந்த மொழியிலேயே நடக்கும் இடம் ஒன்று வேண்டும் என்று மைக்கேல் ஜோன்ஸ் முடிவு கட்டினார். அவருடைய மனைவியின் சொத்தில் பெரும்பகுதி கப்பல் செலவுக்குப் போயிற்று.

1865 ஜூலை 28. இன்று பூர்த்தோ மாட்ரின் எனப்படும் கரையில் இறங்கினார்கள். அங்கே அது கடுங்குளிர் காலம். பசும்புல் வெளி என்று கேட்டு வந்தவர்களின் கண்ணில் பட்டது முள்ளும் மண்ணும். குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. சுபூத் ஆற்றங்கரைக்குப் போக நாற்பது மைல் நடை. முதல் விளைச்சல்கள் பொய்த்தன. அர்ஜென்டின சர்க்கார் அனுப்பிய தானியத்திலும், தெவெல்ச்சே பழங்குடி மக்களின் தயவிலும் உயிர் தங்கிற்று. ரொட்டிக்கு மாற்றாக இறைச்சி தந்து, அந்த நிலத்தில் வேட்டையாடவும் கற்றுக் கொடுத்தவர்கள் அப்பழங்குடியினர். பிறகுதான் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சும் எண்ணம் வந்தது. ஆரன் ஜென்கின்ஸும் அவர் மனைவி ரேச்சலும் முதல் வாய்க்காலைத் திறந்தார்கள் என்று அங்கே சொல்கிறார்கள். நிலக்கரி வெட்டிய கை வாய்க்கால் வெட்டிற்று! அந்தக் கோதுமை 1889இல் பாரீஸ் கண்காட்சியிலும் 1893இல் சிகாகோ கண்காட்சியிலும் பரிசு பெற்றது.

நாம் வியப்பது கோதுமையைப் பார்த்தல்ல. பதினெட்டு வயது நிரம்பிய ஆணுக்கும் பெண்ணுக்கும் ஓட்டு என்று அந்த ஏழைக் குடியேற்றம் விதி செய்தது. அதுவும் ரகசிய ஓட்டு! பிரிட்டனில் ரகசிய ஓட்டு வந்தது 1872இல். ஆணோடு சமமாகப் பெண்ணுக்கு ஓட்டு வந்தது 1928இல்! 1868இலேயே கையால் எழுதிய ஒரு மாத ஏடு நடத்தினார் ஆர். ஜே. பெர்வின். அச்சு இல்லை, காகிதத்துக்கும் பஞ்சம். ஆனாலும் ஏடு வந்தது. 1878இல் அவரே பிள்ளைகளுக்கு வெல்ஷ் பாடநூலும் எழுதினார். தாயகத்தில் பிள்ளையின் கழுத்தில் கட்டை தொங்கிய காலம் அது. பொட்டலில் பிறந்த பிள்ளையோ தாய்மொழியில் கணக்குப் போட்டது!

இங்கே ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. அதை மறைப்பது நமக்கு அழகன்று. பத்தகோனியா ஆளில்லாத நாடா? தெவெல்ச்சே மக்களின் நாடல்லவா? 1870களின் இறுதியில் தொடங்கிய அர்ஜென்டினப் படையெடுப்பு அப்பழங்குடிகளைச் சூறையாடிற்று. அந்தப் படையெடுப்புக்கு 'பாலைவனத்தை வென்றது' என்று பெயரிட்டார்கள், மனிதரே இல்லாத இடம்போல! வெல்ஷ் மக்கள் துப்பாக்கி தூக்கவில்லை; பழங்குடியினரோடு நட்பாகவே இருந்தார்கள். என்றாலும், அந்த மண்ணில் தன் கொடியை ஊன்ற ஆள் தேடிய அர்ஜென்டினாவுக்கு, இவர்களின் குடியேற்றம் கைகொடுத்தது. ஒடுக்கப்பட்டு ஓடிவந்தவன், தன்னையறியாமல் இன்னொருவனை ஒடுக்கும் ஏற்பாட்டில் ஓர் ஆணியாகிவிடுகிறான்.

சர்க்காரின் அன்பும் நீடிக்கவில்லை. பள்ளிகளில் ஸ்பானிய மொழி ஏறிற்று. 1899இல் ஆற்று வெள்ளம் வீடுகளை அடித்துச் சென்றது. 1902இல் 200க்கும் மேற்பட்டோர் கானடாவுக்குப் பெயர்ந்தனர். முதல் உலகப்போருக்குப் பின் தாயகத்திலிருந்து ஆள் வரத்தும் நின்றது. 1906இல் கைமான் ஊரில் தொடங்கிய உயர்நிலைப் பள்ளி இடையிலே மூடப்பட்டது. கவிதைக்கும் இசைக்கும் போட்டி நடத்தும் 'ஐஸ்டெத்வோத்' விழாவும் 1950க்குப் பின் நின்றுபோயிற்று. தாத்தா வெல்ஷில் கேட்டார், பேரன் ஸ்பானியத்தில் பதில் சொன்னான். ஒஹையோவில் மைக்கேல் ஜோன்ஸ் கண்ட அதே காட்சி!

பிறகு வந்தது 1965. குடியேறி நூறாண்டு. தாயகத்திலிருந்து ஒரு குழு கடல் கடந்து போயிற்று. கிழவர்களும் கிழவிகளும் அந்தக் காலத்து வெல்ஷில் வரவேற்றார்கள். நின்றுபோன விழா மீண்டும் தொடங்கிற்று.

அதே 1965இல் தாயகத்தில் நடந்தது என்ன? பாலாவுக்கு அருகே, அதாவது மைக்கேல் ஜோன்ஸ் கனவு கண்ட அதே ஊருக்கு அருகே, கேபல் கெலின் என்றொரு கிராமம் இருந்தது. ஊர் முழுக்க வெல்ஷ் பேச்சு. அதன் பள்ளியையும் தேவாலயத்தையும் அஞ்சலகத்தையும் வீடுகளையும் நீரில் மூழ்கடித்து அணை கட்டினார்கள். யாருக்குத் தண்ணீர்? லிவர்பூல் நகருக்கு! மிமோசா கிளம்பிய அதே லிவர்பூலுக்கு! பார்லிமெண்டிலிருந்த வேல்ஸ் உறுப்பினர் 36 பேரில் ஒருவர்கூட ஆதரித்து ஓட்டுப் போடவில்லை. ஆனாலும் சட்டம் 1957இல் நிறைவேறிற்று. கைகள் இருந்தன, எண்ணிக்கை இல்லை. 2005இல் லிவர்பூல் நகரசபை மன்னிப்புக் கேட்டது. மன்னிப்பு கரையேறிற்று, ஊர் இன்னும் நீருக்கடியில்தான்.

பொட்டலில் மொழி துளிர்க்கையில் தாய்வீட்டில் ஊர் மூழ்கிற்று. வெளிநாட்டு வெல்ஷ் மக்களுக்கு இனி எதோடு தொடர்பு?

தாயகம் விழித்தது. 1962 பிப்ரவரியில் சான்டர்ஸ் லூயிஸ் வானொலியில் ஆற்றிய ஓர் உரையை அடுத்து, அதே ஆண்டு மொழிக் கழகம் பிறந்தது. இளைஞர்கள் சாலைப் பலகைகளில் ஆங்கிலப் பெயரை அழித்துச் சிறை சென்றார்கள். 1967இல் ஒரு சட்டம், 1993இல் மற்றொன்று. வெல்ஷ் தொலைக்காட்சி தருவதாகச் சொன்ன வாக்கைச் சர்க்கார் மீறியபோது, சாகும்வரை உண்ணாவிரதம் என்று 1980இல் க்வின்வர் எவான்ஸ் அறிவித்தார். 1982இல் தொலைக்காட்சி வந்தது. 1999இல் கார்டிவ் நகரில் தனி மன்றம் கூடிற்று.

அதே 1982, இன்னொரு காயத்தின் ஆண்டும்கூட. பால்க்லாந்துத் தீவுக்காகப் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதின. ஜூன் 8 அன்று 'சர் கேலகாட்' கப்பல் குண்டுவீச்சில் எரிந்தபோது, மாண்டவர்களில் 32 பேர் வெல்ஷ் படைப்பிரிவினர். எதிரணியில், கட்டாயப் படைச் சேவைக்குப் பிடிக்கப்பட்ட அர்ஜென்டின இளைஞர்களில் வெல்ஷ் வழிவந்தவர்களும் இருந்தார்கள். ஒரே பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் இரண்டு கொடிகளின் கீழ்! லண்டனுக்கும் இது தெரியாது, போனஸ் அயர்ஸுக்கும் தெரியாது.

அந்தக் காயத்துக்குப் பின்னும் நூல் அறவில்லை என்பதுதான் பெரிது. 1997 முதல் ஒரு திட்டம் நடக்கிறது: வேல்ஸிலிருந்து ஆசிரியர்கள் சுபூத்துக்குப் போகிறார்கள். எத்தனை பேர்? வழக்கமாக ஆண்டுக்கு மூன்றே பேர். அந்த மூவரால் என்ன ஆயிற்று பாருங்கள். ட்ரெலெவ், கைமான், மலையடிவார ட்ரெவெலின் ஆகிய ஊர்களில் இன்று ஸ்பானியமும் வெல்ஷும் சேர்ந்து கற்பிக்கும் பள்ளிகள் உண்டு. வெல்ஷ் இரத்தம் ஒரு துளியும் இல்லாத பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள். ட்ரெலெவ் விழாவில் ஸ்பானியக் கவிதைக்கு முடி, வெல்ஷ் கவிதைக்கு நாற்காலி. அண்டை மொழியைப் பகைக்காமல் தன் மொழியை அரியணையேற்றும் அந்தப் பண்பு நமக்குப் பிடித்திருக்கிறது. அங்கே வெல்ஷ் பேசுவோர் இன்று சில ஆயிரம் பேர்தான். தேநீர்க் கடை நடத்திச் சுற்றுலாக்காரனிடம் காசு பார்க்கும் வெறும் வேடம் என்று கேலி பேசுவாருண்டு. பேசட்டும்! பள்ளிக்கூடம் இருக்கும் இடத்தில் வேடம் நிற்காது.

நமக்குள்ள கவலை வேறு. 1911இல் வேல்ஸில் வெல்ஷ் பேசியவர்கள் 9 லட்சத்து 77 ஆயிரம் பேர், நூற்றுக்கு 43. 2021 கணக்குப்படி 5 லட்சத்து 38 ஆயிரம். நூற்றுக்கு 18கூட இல்லை. 2050க்குள் 10 லட்சம் என்று கார்டிவ் சர்க்கார் 2017இல் இலக்கு வைத்திருக்கிறது. பத்து லட்சத்துக்கு எழுத்தறிவிக்க முதலில் ஆசிரியர் வேண்டும். வெல்ஷில் பாடம் நடத்த ஆசிரியர் போதவில்லை என்ற குரல் வேல்ஸிலேயே கேட்கிறது. வீட்டுக்கே பற்றாத போது ஏழாயிரம் மைலுக்கு அப்பால் மூன்று பேரை அனுப்புவதா என்று கணக்குப்பிள்ளை எவரேனும் ஒரு நாள் கேட்கக்கூடும்.

அவருக்கு நாம் சொல்வோம்: அக்டோபரில் ஒருமுறை ட்ரெலெவ் போய் வாருங்கள். புனைபெயர் ஒன்றைக் கூப்பிடுவார்கள். கூட்டத்தில் யார் எழுவார் என்று எவருக்கும் தெரியாது. தகுதியுள்ள கவிதை வந்திராவிட்டால் நாற்காலியை யாருக்கும் தரமாட்டார்கள் என்பதும் அந்த விழாவின் மரபு. அத்தனை கண்களும் கூட்டத்தைத் துழாவும் அந்த ஒரு நிமிடம், ஸ்பானியம் பேசும் பாட்டிகூட மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாள்.