காற்றோடு வரும் விருந்தாளிகள்

ஜெராம் கடற்கரைக்கு அப்பால், கலங்கரை விளக்கம் நிற்கும் குட்டித் தீவு ஒன்று இருக்கிறது: பூலாவ் அங்சா. ‘அங்சா’ நம் அன்னத்துக்குச் சொந்தக்காரச் சொல்தான்.

செப்டம்பர், அக்டோபரில் வடக்கே குளிர் தொடங்கியதும் உள்ளான்களும் தகைவிலான் குருவிகளும் நம் கரைக்கு வருகின்றன. ஈஜோக் தோட்டத்துக் கூரைகளை விடியற்காலையில் தடதடக்க வைக்கும் ‘சுமத்ரா’ காற்றும் இந்த மாதங்களில் வீசும். தகைவிலான் குருவியின் எடையோ ஏறக்குறைய 20 கிராம்தான்!

2022-இல் ஒரு பட்டைவால் மூக்கன் குஞ்சு அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீட்டரை 11 நாளில், எங்கும் இறங்காமல் கடந்தது. உடம்பில் சேர்த்த கொழுப்புதான் எரிபொருள். நம் கரையில் அதைத் தருவது சேற்றிலுள்ள புழுவும் நண்டும். களைத்த பறவையை நாம் விரட்டும் ஒவ்வொரு முறையும் அந்த எரிபொருள் வீணாகிறது.

1987-இல் தொடங்கிய கோலசிலாங்கூர் இயற்கைப் பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். கடற்கரைக்கும் போகலாம். அலை ஏறினால் சேறு மூடிவிடும். பறவைகள் கரையோரம் கூடி இளைப்பாறும். அந்த நேரத்தில் கல்லெறிய வேண்டாம், கிட்டே ஓட வேண்டாம். பைனாகுலரோடு எட்ட நின்று பாருங்கள். மார்ச், ஏப்ரலில் அவை திரும்பிப் போக வேண்டுமே.