பாட்டுத் தேர்தலும் பொதுமக்கள் கிளர்ச்சியும்

தேசத்தின் பெயரால் ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்து அயலார் அவைக்கு அனுப்புதல் ஐரோப்பியரிடையே 1956 ஆம் ஆண்டு முதல் நிலவி வரும் வழக்கமாகும். யூரோவிஷன் எனப்படும் அப்பெரும் போட்டிக்குச் செல்லும் பாடகரைத் தெரிந்துகொள்ளும்பொருட்டுப் பல நாடுகளின் ஒலிபரப்புக் கழகங்கள் முதலில் தத்தம் நாட்டிலேயே ஒரு போட்டி நடத்துகின்றன. நாடு அமைதியாயிருக்குங் காலத்தில் இஃது ஒரு மாலைப்பொழுதின் இனிய வேடிக்கையேயன்றி வேறில்லை. கிளர்ச்சி மூண்டு ஜனங்கள் வீதிகளில் திரண்டு நிற்குங் காலத்திலோ, அவ்வேடிக்கையே ஒரு பெரும் வழக்காக மாறிவிடுகின்றது. அத்தகைய வேளையில் பாட்டுப் போட்டி நடத்தல் தகுமா? தகுமெனின், எம்முறையில் நடத்தல் வேண்டும்? இவ்விஷயத்தைப் பற்றி நமது அபிப்பிராயத்தை இங்கே எடுத்துரைக்க விரும்புகின்றோம்.

இது குறித்து இரு கட்சியார் இருவேறு கொள்கைகளைக் கூறுவர். சங்கீதம் வேறு, அரசியல் வேறு. ஒன்றை மற்றொன்று தீண்டாதிருத்தலே நலம் என்பர் ஒரு சாரார். நாடு கொந்தளிக்கும்போது பாடுவோன் கிளர்ச்சியையே பாடுதல் வேண்டும். அல்லாத பாட்டு வெட்கக்கேடு என்பர் மற்றொரு சாரார். இவ்விரண்டையும் நாம் ஒப்புக்கொள்ளுதற்கில்லை. அதற்குக் காரணம், நடந்த சரித்திரமே இரண்டையும் மறுத்துக் காட்டுவதாம்.

முதலில் போர்ச்சுகல் தேசத்தை நோக்குவோம். அங்கே சுமார் அரை நூற்றாண்டுக் காலம் சர்வாதிகார ஆட்சி நிலவிற்று. பத்திரிகைக்கும் பாட்டுக்கும் ஒருங்கே தணிக்கை இருந்தது. ஆப்பிரிக்கக் குடியேற்றங்களில் முடிவு காணாத யுத்தம் நடந்துகொண்டிருந்தது. அந்நிலையில் 1974 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 7 ஆம் தேதி நடந்த தேசியப் போட்டியில் பவுலோ டி கார்வால்யோ என்னும் பாடகர் பாடிய "எ தெப்போயிஸ் தோ அதெயுஸ்" என்ற பாட்டு முதற் பரிசு பெற்றது. அது காதலரின் பிரிவைக் கூறுவது. அரசியலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஏப்ரல் மாதம் 6 ஆம் தேதி இங்கிலாந்திலுள்ள பிரைட்டன் நகரில் அது 3 புள்ளிகளே பெற்றுக் கடைசி இடத்தை வேறு சில நாடுகளோடு பகிர்ந்துகொண்டது. அத்தோடு அதன் கதை முடிந்ததென்றே எவரும் எண்ணியிருப்பர்.

ஆனால் ஏப்ரல் 24 ஆம் தேதி இரவு 10 மணி 55 நிமிஷத்துக்கு லிஸ்பன் நகர வானொலி ஒன்றில் அப்பாட்டு ஒலித்தது. ஆட்சியை எதிர்த்துச் சதி செய்திருந்த இராணுவ அதிகாரிகளுக்கு ஆயத்தமாகுமாறு விடுக்கப்பட்ட முதல் அடையாளம் அதுவே. தணிக்கையாளர் எவரும் ஐயுற இடமில்லாத பாட்டாயிருந்தமையினாலன்றோ அது அவ்வேலைக்குப் பயன்பட்டது! மறுநாளே சர்வாதிகாரம் வீழ்ந்தது. ஆதலின் அரசியலினின்று பாட்டை அடியோடு பிரித்துவிடலாமென்பார் கொள்கையும் நில்லாது. அரசியலை வெளிப்படப் பாடாத பாட்டு மக்களுக்குப் பயன்படாதென்பார் கொள்கையும் நில்லாது. பாட்டின் பொருளை ஆக்கியோனும் முற்றும் அறியான், அதிகாரியோ சிறிதும் அறியான், காலமே அறியும்.

அங்ஙனமாயின் கிளர்ச்சிப் பாட்டையே தேர்ந்தெடுத்தல் குற்றமோ எனின், குற்றமன்று. ஆனால் முறை பிறழ்ந்து தேர்தல் குற்றமே. உக்ரைன் நாட்டில் 2004 ஆம் ஆண்டின் இறுதியில், தேர்தலில் மோசடி நடந்ததென்று இலட்சக்கணக்கான ஜனங்கள் கீவ் நகரச் சதுக்கத்தில் குளிரையும் பொருட்படுத்தாது நின்றனர். "ஒன்றுபட்டோம், பலராயினோம்" என்னும் கருத்துடைய ஒரு பாட்டைக் கிரீன்ஜாலி என்ற குழுவினர் இயற்ற, அது கிளர்ச்சிக்காரரின் நாவிலெல்லாம் வழங்கிற்று. 2005 ஆம் ஆண்டில் தேசியப் போட்டி முடிவுக்கட்டத்தை நெருங்கிய வேளையில், முற்சுற்றுகளைக் கடவாத இக்குழுவினர் புதிதாகச் சேர்க்கப்பட்டு வெற்றியும் பெற்றனர். தலைவர் ஒருவரின் பெயர் அப்பாட்டில் இருந்தமையால் சொற்களை மாற்றவேண்டியதாயிற்று. தலைநகரிலேயே நடந்த இறுதிப் போட்டியில் அதற்குக் கிடைத்தது 19 ஆம் இடம். சதுக்கத்தில் அப்பாட்டுப் பெற்ற பெருமையைப் போட்டி மேடை ஒரு சிறிதும் கூட்டவில்லை. சுற்றுச் சுற்றாய் ஏறி வந்த ஏனைப் பாடகருக்கோ மனக்குறையே மிஞ்சியது. நல்ல காரியத்தின் பொருட்டு வரிசையைக் கலைத்தாலும், கலைந்த வரிசை கலைந்த வரிசையே.

நடுவர்கள் நடுநிலை தவறின் விளைவு யாதாகும் என்பதற்கு 2006 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 11 ஆம் தேதி பெல்கிரேட் நகரில் நடந்ததே சான்று. செர்பியாவும் மாண்டிநீக்ரோவும் அந்நாளில் ஒரே அரசாக இணைந்திருந்தன. பிரிவினைப் பேச்சு நாடெங்கும் முழங்கிக்கொண்டிருந்தது. மாண்டிநீக்ரோ நடுவர்கள் செர்பியரின் சிறந்த குழுவுக்குப் புள்ளி ஒன்றும் அளித்திலர். மாண்டிநீக்ரோக் குழு வெற்றி பெற்றதாக அறிவிக்கப்பட்டதும் சபையோர் கூச்சலிட்டனர். வென்றோர் மேடையை விட்டு நீங்க, இரண்டாமிடம் பெற்றோர் அங்கே பாடினர். இரு ஒலிபரப்புக் கழகங்களும் உடன்படாமையால் அவ்வாண்டு அந்நாட்டின் சார்பில் எவரும் பாடவில்லை. மே மாதம் 21 ஆம் தேதி நடந்த குடிமக்கள் வாக்கெடுப்பின்படி அரசே இரண்டாகப் பிரிந்தது. பாட்டுப் போட்டி நாட்டைப் பிரித்ததென்று நாம் சொல்லவில்லை. ஒரு பாட்டைக் கேட்டு நேர்மையாய்த் தீர்ப்புக் கூற இயலாத இருவர் ஒரே வீட்டில் நெடுநாள் வாழ்தல் அரிதென்பதை அது முன்னரே காட்டிற்று என்றே சொல்லுகின்றோம்.

இனி, யாவற்றினும் கடினமான வழக்கொன்று உண்டு. 2014 ஆம் ஆண்டில் ரஷ்யா கிரிமியாவைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட பின்னர், ரஷ்யாவில் கச்சேரி செய்யும் உக்ரைன் பாடகர் நாட்டின் சார்பில் செல்லலாமா என்னும் வினா எழுந்தது. 2019 ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் மாருவ் என்னும் பாடகி போட்டியில் வென்றார். கிரிமியா எந்நாட்டினது என்று மேடையிலேயே அவரிடம் கேட்கப்பட்டது. அதன்பின் ஒலிபரப்புக் கழகம் நீட்டிய ஒப்பந்தத்தின் நிபந்தனைகளுக்கு அவர் இணங்கவில்லை. அடுத்த இடங்களைப் பெற்றோரும் செல்ல மறுத்தனர். உக்ரைன் அவ்வாண்டுப் போட்டியினின்றும் விலகியது.

இவ்விடத்தில் நாம் இரு பக்கத்தையும் நோக்குதல் கடன். மைந்தரைப் போர்க்களத்தில் பறிகொடுத்த நாடு, எதிரியின் நகரங்களில் பாடிப் பொருளீட்டுவோரைத் தன் முகமாக அனுப்ப மனங்கூசுதல் இயல்பே. அதனைக் குற்றமென்போர் துயரம் அறியாதவர். ஆயினும் வெற்றிக்குப் பின்னர் விதிக்கப்படும் நிபந்தனை விதியாகாது. அது வென்றவரைச் சோதிக்கும் பொறியாகும். அந்நாட்டாரே பின்னர் இதனை உணர்ந்தனர் போலும். ரஷ்யாவில் நிகழ்ச்சி நடத்தினோர் பங்குபெறலாகாது என்னும் விதியைத் தொடர்ந்து வந்த போட்டிகளுக்கு முன்கூட்டியே வகுத்தனர். 2022 ஆம் ஆண்டில் முதலிடம் பெற்றவர், கிரிமியாவுக்குச் சென்ற தம் பயண ஆவணங்களைக் குறித்து ஐயம் எழுந்தமையால் விலக நேர்ந்தது. அப்போதும் பூசல் விளைந்ததெனினும் விதி எதுவென்பதில் மயக்கமில்லை. அவருக்குப் பதிலாய்ச் சென்ற கலுஷ் குழுவினர், தம் நாடு போரில் எரிந்துகொண்டிருக்கையில், மே மாதம் டூரின் நகரில் முதற் பரிசு பெற்றனர்.

இவற்றால் நாம் கொள்ளத்தக்க முடிவு யாது? கிளர்ச்சிக் காலத்தில் போட்டி நடத்தலாம். ஆயின் மூன்று கடமைகள் தவறலாகா. விதிகள் யாவும் முதற் பாட்டுக்கு முன்னரே அறிவிக்கப்படல் வேண்டும். நடுவர் பாட்டையன்றிப் பாடுவோரின் ஊரையும் கட்சியையும் எடைபோடலாகாது. பாட மறுப்பவரை எவரும் பழிக்கலாகாது. பாபிலோன் ஆற்றங்கரையில் சிறைப்பட்டிருந்தோர், தம்மைச் சிறைப்படுத்தியவர் பாடச் சொன்னபோது யாழ்களை மரங்களில் மாட்டிவிட்டு வாளாவிருந்தனர் என்று சங்கீத ஆகமம் கூறுவதை நம் கல்லூரியில் அறியாதார் இலர். அம்மௌனமும் ஒரு பாட்டென்றே இன்றளவும் மதிக்கப்படுகின்றது.

மாணவ நண்பர்காள்! நாளை நீவிர் சங்கங்களிலும் சபைகளிலும் நடுவராய் அமர்வீர். வெளியே கூக்குரல் எழுந்து கொண்டிருக்க, உள்ளே ஒருவரைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு உம் கையில் வந்து சேரும். அவ்வேளை வாயிலை அடைத்துவிட்டால் கூக்குரல் அடங்கிவிடும் என்று எண்ணாதீர்; கூக்குரலுக்கு அஞ்சி வரிசையையும் கலையாதீர். தோற்றவனும் எழுந்து நின்று, "முறைப்படியே தோற்றேன்" என்று சொல்லக்கூடிய தீர்ப்பை அளிப்பீராயின், அதுவே நாட்டுக்கு நீவிர் செய்யும் தொண்டாகும்.