உட்காரும் உரிமையும் எழுதாத சட்டமும்

2021-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் தமிழ்நாடு சட்டசபையில் ஒரு சிறிய மசோதா நிறைவேறிற்று. 1947-ம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்னும் புதிய பிரிவை அது சேர்த்தது. ஒவ்வொரு கடையிலும் சிப்பந்திகள் அனைவருக்கும் தக்க இருக்கை வசதி இருக்கவேண்டும். வேலைக்கிடையே வாய்ப்பு நேரும்போதெல்லாம் அவர்கள் உட்காரலாம் என்பதே அதன் சாரம். சட்டம் வந்தது. பல கடைகளில் நாற்காலியும் வந்தது. ஆனால் பிற்பகல் வேளையில் கடைத்தெருவில் சென்று பார்க்கும் அன்பர்கள் ஒரு விசித்திரத்தைக் காணலாம். நாற்காலி சுவரோரமாக இருக்கிறது. அதன் அருகில் சிப்பந்தி நின்றுகொண்டிருக்கிறார். கடையில் கூட்டமில்லை, எடுத்து வைக்க வேண்டிய சரக்கும் இல்லை. “ஏன் அம்மா, உட்காரலாமே?” என்று கேட்டால் அவர் கல்லாவின் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பின் பொருள் என்ன என்பதை நாம் சற்று ஆராயவேண்டும்.

இங்கிலாந்தில் கடைகளில் வேலை செய்யும் பெண்களுக்கு ஆசனம் போடவேண்டும் என்று 1899-லேயே சட்டம் செய்தார்கள். சுதந்திர இந்தியாவின் 1948-ம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம், நின்று வேலை செய்ய நேர்ந்த தொழிலாளர்களுக்கு உட்கார வசதி வேண்டும் என்று தன் 44-வது பிரிவில் விதித்தது. ஆனால் நம் மாகாணத்தின் 1947-ம் வருஷக் கடைச் சட்டமோ வேலை நேரத்தைப் பற்றிப் பேசிற்று. வார விடுமுறையைப் பற்றிப் பேசிற்று. சுத்தம், காற்று, வெளிச்சம் இவற்றைப் பற்றியும் பேசிற்று. உட்காருவதைப் பற்றி மாத்திரம் வாய் திறக்கவில்லை. ஆலைத் தொழிலாளிக்கு 1948-ல் கிடைத்த உரிமை கடைச் சிப்பந்திக்குக் கிடைக்க எழுபத்து மூன்று வருஷங்கள் ஆயின. கடைச் சிப்பந்தியின் கால்கள் வேறு விதமான கால்களா? நாள் முழுதும் நிற்பவருக்குக் கால் வீங்கும், இரத்தக் குழாய்கள் புடைத்துச் சுருளும், இடுப்பு நோகும் என்பது எந்த வைத்தியருக்கும் தெரிந்த சங்கதி. அப்படியிருந்தும் இவ்வளவு காலம் யார் கண்ணிலும் இது படாமற் போனதன் காரணம் என்ன?

ஒவ்வொரு ஸ்தாபனத்திலும் இரண்டு சட்டங்கள் உண்டு. ஒன்று சுவரில் ஒட்டப்பட்டிருப்பது. மற்றொன்று எவராலும் எழுதப்படாதது. அமெரிக்கப் பேராசிரியர் எட்கார் ஷைன் என்பவர் 1985-ல் வெளியிட்ட தமது நூலில் ஸ்தாபனங்களின் பண்பாட்டை மூன்று படிகளாகப் பிரித்துக் காட்டினார். கண்ணுக்குத் தெரியும் பொருள்களும் பழக்கங்களும் முதற்படி. ஸ்தாபனத்தார் தம் கொள்கை என்று வாயாற் சொல்லுபவை இரண்டாம் படி. யாவருடைய மனத்திலும் ஊறிப்போய், இனிக் கேள்விக்கே இடமில்லை என்று ஆகிவிட்ட எண்ணங்கள் மூன்றாம் படி. இம்மூன்றாம் படியே மற்ற இரண்டையும் ஆளுகிறது என்பது அவர் கண்ட முடிவு.

இந்த அளவுகோலை நம் கடைக்குள் கொண்டு செல்வோம். நாற்காலி முதற்படி. “எங்கள் சிப்பந்திகள் எங்கள் குடும்பத்தார்” என்று முதலாளி சொல்லுவது இரண்டாம் படி. “நிற்பவன் ஊழியன், இருப்பவன் எஜமான்” என்பது மூன்றாம் படி. இதை முதலாளி ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை; சொல்லவேண்டிய அவசியமே அவருக்கு நேர்ந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே புதிய சிப்பந்தி பழைய சிப்பந்தியைப் பார்த்து இதைக் கற்றுக்கொள்ளுகிறார். இது முதலாளியின் கொடுமை என்று மாத்திரம் எண்ணுவது தவறு. தர்மசிந்தையுள்ள முதலாளியின் கடையிலும் இதே நிலையைக் காணலாம்.

இவ்வெண்ணம் எங்கிருந்து வந்தது? ஆங்கிலேயர் ஆட்சியில் நாற்காலி வெறும் மரச்சாமானாக இருக்கவில்லை. வட இந்தியாவில் வெள்ளைக்கார அதிகாரியின் முன்னிலையில் நாற்காலியில் அமரும் உரிமையை ஒரு தனி வெகுமதியாகக் கொடுத்து, அதற்குச் சான்றிதழும் வழங்கினார்கள். அதைப் பெற்றவருக்கு ‘குர்சி நஷீன்’ என்று பெயர். சொந்த நாட்டில் உட்காருவதற்குச் சான்றிதழ் வேண்டியிருந்த அவமானத்தை நாம் மறக்கலாகாது. ஆனால் பழி முழுவதையும் அந்நியன் தலையில் சுமத்திவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. யார் திண்ணையில் இருக்கலாம், யார் வாசலில் நிற்கவேண்டும் என்று அவன் வருமுன்னரே வகுத்து வைத்தவர்கள் நாம். கடலூர் ஜில்லாவில் தெற்குத்திட்டை ஊராட்சியின் அன்றைய தலைவி, தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர். ஊராட்சிக் கூட்டத்தில் மற்றவர்கள் நாற்காலியில் வீற்றிருக்க, அவர் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் 2020 அக்டோபரில் வெளியாயிற்று. அரசியல் சட்டம் அவருக்குத் தலைமை ஆசனத்தை அளித்தது; எழுதாத சட்டம் அதைப் பறித்தது. கடையில் நிற்கவைப்பதும் காரியாலயத்தில் தரையில் இருத்துவதும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை அல்லவா?

“சிப்பந்தி உட்கார்ந்திருந்தால் வாடிக்கைக்காரர் அவமரியாதை என்று கருதுவார், வியாபாரம் கெடும்” என்று வர்த்தகர்கள் கூறுவதுண்டு. இதற்கு மறுமொழி நம் பழைய ஜவுளிக் கடைகளிலேயே இருக்கிறது. ஜமக்காளம் விரித்து, விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே உட்கார்ந்து, புடவையை மடிமீது பிரித்துக் காட்டி வியாபாரம் நடந்தது. அதனால் யாருக்கும் மரியாதை குறையவில்லை. ஜெர்மனியிலோ பெரிய அங்காடிகளில் பணம் வாங்கும் சிப்பந்தி உட்கார்ந்தே வேலை செய்கிறார். அந்நாட்டு ஆல்டி கம்பெனி அமெரிக்காவில் திறந்த கடைகளிலும் அவ்வழக்கத்தையே கைக்கொண்டது, வியாபாரமும் பெருகிற்று. ஆகவே, நிற்பதுதான் மரியாதை என்பது வியாபாரத்தின் நியதியன்று. நம் மனத்தின் பழக்கமே.

பழக்கம் எப்படி மாறும்? கேரளத்தார் ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். கோழிக்கோட்டுக் கடைத்தெருவில் வேலை செய்த பெண்கள், கழிப்பிட வசதி இல்லாமையால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டு பல மணி நேரம் நின்றார்கள். விஜி என்னும் தையற்காரப் பெண்மணியின் முயற்சியில் அவர்கள் ‘பெண்கூட்டு’ என்னும் அமைப்பாகத் திரண்டு, முதலில் கழிப்பிடத்துக்கும் பின்னர் ஆசனத்துக்கும் போராடினார்கள். 2018-ல் கேரள சர்க்கார் அவசரச் சட்டம் பிறப்பித்து அவ்வுரிமையை அங்கீகரித்தது. மூன்று வருஷங்களுக்குப் பின் நாம் அதைப் பின்பற்றினோம். அப்பெண்கள் செய்த பெரிய காரியம், எவரும் கேளாத கேள்வியை உரக்கக் கேட்டது. “நாங்கள் ஏன் நிற்கவேண்டும்?” என்று ஒரு முறை கேட்டுவிட்டால், அதுவரை இயற்கை என்று தோன்றியது அநியாயம் என்று தோன்றத் தொடங்குகிறது. மறைந்து நிற்கும் எண்ணத்துக்கு வெளிச்சமே விரோதி.

எனவே, தொழில் இலாகா அதிகாரிகள் கடைக்குள் நுழைந்து நாற்காலிகளை எண்ணிவிட்டுத் திரும்புவது போதாது. இன்று அதில் உட்கார்ந்தவர் யார் என்று கேட்கவேண்டும். அதுவும் முதலாளி பக்கத்தில் இல்லாதபோது கேட்கவேண்டும். முதலாளிகள் அறிக்கை ஒட்டுவதைவிடத் தாமே முன்வந்து, “அம்மா, உட்காருங்கள், ஆள் வந்தால் எழுந்தால் போதும்” என்று சொல்லுவது மேலானது. எழுதாத சட்டத்தை மாற்ற எஜமானின் நடத்தையைவிட வலிய ஆயுதம் வேறில்லை. பொருள் வாங்கப் போகும் நாமும் அச்சொல்லைச் சொல்லலாம்.

முடிவாக, பொதுவாழ்வில் ஈடுபட்ட தோழர்களுக்கு ஒரு வார்த்தை. சமத்துவத்தைப் பற்றி நாம் மேடைதோறும் முழங்குகிறோம். அது இரண்டாம் படி. இன்று மாலை நமது கட்சிக் காரியாலயத்துக்கும் தொழிற்சங்க அறைக்கும் போகும்போது சற்று வாசலில் நின்று உள்ளே பாருங்கள். யார் இருக்கிறார்கள், யார் நிற்கிறார்கள்? தேநீர் கொண்டுவரும் பையனுக்கு ஓர் இருக்கை உண்டா? கூட்டத்துக்கு வந்த பெண் ஊழியர்கள் எந்த வரிசையில் இருக்கிறார்கள்? நாம் உண்மையில் நம்புவது எது என்பதை நம் தீர்மானப் புத்தகம் சொல்லாது. அந்த அறையின் நாற்காலிகள் சொல்லும். அவற்றைச் சரிசெய்த பின்னரே கடைக்காரரைக் கேட்கும் யோக்கியதை நமக்கு உண்டாகும்.